வட்டம் விழாத வீடு

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று சொல்லிவைத்த புண்ணியவான், டைல்ஸ் கம்பெனியில் தரம் பார்க்கிற ஆளோடு வீடு வாங்கக் கிளம்பியிருந்தால் வாயைத் திறந்திருக்கவே மாட்டார். அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை. கல்யாணம் பண்ணியாயிற்று, அது ஒரு மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறது. வீடுதான் இரண்டு வருடமாக ஓர் அங்குலம் நகரவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமையும் அவள் யாரோ கட்டிவைத்த காலி வீட்டின் கூடத்தில், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். கணவர் தரையில் மண்டிபோட்டு, சின்ன மரச்சுத்தியால் ஒவ்வொரு டைலாகத் தட்டிக்கொண்டு போனார். 'டக்' என்றால் அடியில் சிமெண்ட் நன்றாகப் பிடித்திருக்கிறது. 'டொப்' என்றால் உள்ளே காலி. டொப் கேட்ட இடத்தில் சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்து ஒரு வட்டம். சுவரில் மயிரிழை விரிசலா, வட்டம். ஜன்னல் மூலை ஒரு நூல் சாய்ந்திருக்கிறதா, அங்கேயும் வட்டம். கம்பெனியில் அவருக்குப் பெயரே சாக்பீஸ்தான். மேனேஜர்கூட "சாக்பீஸ் வந்தாச்சா?" என்றுதான் கேட்பாராம்.

புரோக்கர் பின்னாலேயே நடந்து, வட்டங்களை ஒவ்வொன்றாகப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். இந்த மனிதரை எப்போது கூப்பிட்டாலும், "வந்துட்டேன் மேடம், பக்கத்துலதான்" என்பார். அதற்கப்புறம் நமக்குக் கால் கடுத்துப்போன பிறகுதான் ஸ்கூட்டர் சத்தம் கேட்கும். வீட்டில் மகள் அவருக்கு 'வந்துட்டேன்' என்றே பெயர் வைத்துவிட்டாள்.

அந்தப் புறநகருக்கும் அதே பெயரை வைத்திருக்கலாம். இவர்கள் முதல் தடவை வந்தபோது அங்கே இருந்தது ஒரு மண் ரோடு, நாலைந்து கட்டிடம், ஏகப்பட்ட பலகைகள். ரயில் நிலையம் வருகிறது, பள்ளிக்கூடம் வருகிறது, பூங்கா வருகிறது என்று பலகைக்குப் பலகை எழுதிவைத்திருந்தார்கள். பூங்கா வருகிற இடத்தில் ஒரு நாய் நிம்மதியாகப் படுத்திருந்தது. எல்லாம் கதை என்றுதான் அவளும் அப்போது நினைத்தாள். வயிற்றெரிச்சல் என்னவென்றால், சொன்னதில் பாதிக்கு மேல் வந்துவிட்டது. பள்ளிக்கூடம் வந்தது. பஸ் வந்தது. பூங்கா வந்து, சறுக்குமரம் வந்து, அந்த நாய்கூட வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டது. வராமல் இருந்தது இவர்கள் குடும்பம் ஒன்றுதான்.

"எப்படிங்க இருக்கு?" என்று கேட்டாள். பதில் தெரிந்த கேள்விதான்.

"கூடத்துல பாதி டொப்பு. பாத்ரூம் சரிவு வாசலைப் பாக்க ஓடுது. தண்ணி வெளியதான் வந்து நிக்கும்."

"சொன்னா சரி பண்ணித் தரமாட்டாங்களா?"

"பூசி மெழுகிடுவாங்க. ஒரு தடவை வட்டம் விழுந்தா விழுந்ததுதான். இது வேண்டாம்."

"பரவால்ல சார், அடுத்த வாரம் இன்னொண்ணு காட்டறேன்," என்றார் வந்துட்டேன். குரலில் துளி வருத்தம் இல்லை. வியாபாரம் கைவிட்டுப் போனவனின் குரல் அப்படி இருக்காது என்று அவளுக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அவள் கவலை அவளுக்கு.

இருக்கிற வாடகை வீட்டில் ஒரே ஒரு படுக்கையறை. மகள் சமையலறையில் கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து படிக்கிறாள். குக்கர் விசில் அடிக்கும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொள்வாள். வருகிற வருடம் அவளுக்குப் பெரிய பரீட்சை. அதற்குள் மாடியில் இருக்கும் வீட்டுக்காரம்மா கீழே இறங்கி வந்து, "பையன் குடும்பத்தோட திரும்பி வரான்மா, ஸ்கூல் திறக்கறதுக்குள்ள பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போயாயிற்று. இன்னொரு வாடகை வீட்டுக்குப் போய் ஏறினால், பெட்டி கட்டி, பெட்டி பிரித்து, அந்தப் பெண் பரீட்சை எழுதின மாதிரிதான். வீடு வாங்கும் பேச்சும் அத்தோடு முடிந்தது. அந்தப் பக்கம் விலை ஏறுகிற வேகத்துக்கு அடுத்த வருடம் அங்கே ஜன்னல் வாங்கத்தான் காணும்.

அவளுக்கு அந்த இடம் எல்லாவிதத்திலும் பொருந்தியது. அவள் வேலை செய்யும் மருந்துக் கடை அங்கே ஒரு கிளை திறந்திருந்தது. "அந்தப் பக்கம் குடிபோனா சொல்லும்மா, மாத்திவிட்டுடறேன்" என்று முதலாளியே சொல்லியிருந்தார். கணவருடைய கம்பெனி பஸ்ஸும் அந்த வழியாகத்தான் போகிறது. ஆனால் திரும்பி வரும் பஸ்ஸில் அவர் வழக்கம்போல ஆரம்பித்தார். ரோட்டில் வெளிச்சம் பத்தாது. சாக்கடை மூடி உடைஞ்சிருக்கு. மழை வந்தா அந்தத் திருப்பத்துல தண்ணி நிக்கும். வீட்டில் வட்டம் போட்டு முடிந்தால் ஊருக்கு வட்டம் போடுவார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவரிடம் உள்ள கொடுமை, அளவு நாடாவைப் பிடித்து, கூடம் நிஜமாகவே கோணல்தான் என்று காட்டிவிடுவார். அதற்கு மேல் என்ன பேசுவது? அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

புதன்கிழமை அவளுக்கு வார விடுமுறை. வீட்டைப் பார்த்தது போதும், இந்த ஊர் நமக்கு லாயக்குப்படுமா என்று நானே பார்த்துவிடுகிறேன் என்று தனியாகக் கிளம்பிப் போனாள். ஞாயிற்றுக்கிழமை முகம் கழுவிப் பவுடர் போட்டு நிற்கிற இடம், நடுவாரத்தில் எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டும் அல்லவா?

இறங்கியதும் சிமெண்ட் தூசி வரவேற்றது. செடிகொடியெல்லாம் மாவில் புரட்டி எடுத்த மாதிரி வெளுத்து நின்றன. கலவை மெஷின் ஒன்று ஓயாமல் உருண்டுகொண்டிருந்தது. நடைபாதையில் ஒதுங்கி நிற்க நிழல் கிடையாது. சாக்கடை மூடி உடைந்துதான் இருந்தது. அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் பள்ளிக்கூட வாசலில் இருந்து பஸ் நிறுத்தம் வரை நடந்து பார்த்தாள், ஒரு பெண் பிள்ளை தனியாக நடந்து வரலாம். மாவு மெஷின் இருந்தது, தையல் கடை இருந்தது, செருப்பு தைக்கிறவர்கூட ஒரு குடையை விரித்து உட்கார்ந்திருந்தார். செருப்புத் தைக்க ஆள் வந்துவிட்டால் அந்த ஊரில் ஜனங்கள் நடக்கிறார்கள் என்று அர்த்தம். குறை இருந்தது. குடியிருக்க முடியாத குறை எதுவும் இல்லை. இதைச் சொல்ல இரண்டு வருடம் எதற்கு என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

கடைசியாகத் தங்கள் மருந்துக் கடைக் கிளைக்குள் நுழைந்தாள். கல்லாவுக்கு முன்னால் ஒரு பெண் இருமல் மருந்தை வாங்கி வைத்துக்கொண்டு, இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக இரட்டைப் பிள்ளைகளோடு தடுமாறிக்கொண்டிருந்தாள். ரெண்டுக்குமே மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. இவளுக்குப் பழக்கதோஷம், வாய் சும்மா இருக்கவில்லை.

"சமையல் ஸ்பூன்ல கொடுக்காதீங்க, அளவு கூடிப்போயிடும். மூடியிலயே கோடு போட்டிருக்கும் பாருங்க."

"அய்யோ, நான் ஸ்பூன்லதான் கொடுத்துட்டு இருந்தேன்!" என்றாள் அந்த இரட்டைப் பிள்ளைக்காரி. பேச்சு பேச்சாகப் போய், இவள் ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொள்ள, இருவரும் வீடு வரை நடந்தார்கள். "இங்க வீடு பாக்கறீங்களாக்கா? உள்ள வாங்க, டீ குடிச்சுட்டுப் போலாம். எங்க வீடு எப்படி இருக்குன்னு பாருங்க."

மாடிப்படி ஏறும்போதே அவளுக்கு என்னவோ மாதிரி இருந்தது. இந்தப் படி, இந்தக் கைப்பிடி, இந்தக் கதவு. போன வருடம் வந்து, வேண்டாம் என்று இறங்கிய வீடு.

"நல்லா இருக்கும்மா," என்றாள் கூடத்தைப் பார்த்து. அன்றைக்கு ஏகப்பட்ட வட்டம் விழுந்த தரை இப்போது பளபளத்தது.

"நல்லா இல்லாம எப்படிக்கா? இது சார் பாத்த வீடு."

"எந்த சார்?"

"அது யாரோ டைல்ஸ் கம்பெனில பெரிய ஆபீசராம். சுத்தி வச்சுத் தட்டித் தட்டி, எங்கெங்க தப்பு இருக்கோ வட்டம் போட்டுட்டுப் போயிடுவாராம். பில்டர் அதையெல்லாம் பேத்துப் புதுசாப் போட்டாங்க. புரோக்கர் போட்டோகூடக் காட்டினாரு, முன்னாடி இப்படி, இப்ப இப்படின்னு. இந்த வரிசையில முக்காவாசி வீடு சார் பாத்ததுதான். அதுக்குன்னே கொஞ்சம் சேத்துக் கேட்டாங்க. நாங்களும் யோசிக்காம வாங்கிட்டோம்." இரட்டைப் பிள்ளைக்காரி சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போய், குனிந்து பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் உள்ள அலமாரிக் கதவைத் திறந்தாள். "இங்க பாருங்க, ஒண்ணே ஒண்ணு அழிக்காம விட்டு வச்சிருக்கேன். ராசிக்கு."

உள்சுவரில் ஒரு வெள்ளை வட்டம். கடைசியில் லேசாக வால் நீட்டிக்கொண்டு முடியும். அந்த வாலை அவள் இரண்டு வருடமாகப் பார்த்துவருகிறாள். காதுமடல் சூடாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தோறும் பஸ் ஏறி, வெயிலில் நின்று, மண்டி தேயத் தட்டி, ஊர் உலகத்துக்கெல்லாம் வீடு சரிபார்த்துக் கொடுத்துவிட்டு, அடுப்பு மூலையில் போய்ப் படுத்திருக்கிறோம்!

"எதிர்ல தெரியுது பாருங்க, மூணாவது மாடி," இரட்டைப் பிள்ளைக்காரி ஜன்னலைக் காட்டினாள். "அதுக்குத்தான் இங்க தனி மவுசு. சார் வீடு முழுக்கத் தட்டிப் பாத்தும் ஒரு வட்டம்கூடப் போடலியாம். பேசாம இறங்கிப் போயிட்டாராம். வட்டமே இல்லாத வீடுன்னு சொல்லிச் சொல்லியே வித்தாங்க."

அவளுக்கு ஞாபகம் இருந்தது. மறக்குமா? அவர்கள் பார்த்த முதல் வீடுகளில் ஒன்று. ஜன்னலைத் திறந்தால் காற்று பிய்த்துக்கொண்டு போகும். மகளின் மேஜையை எங்கே போடுவது என்பதுவரை மனசுக்குள் முடிவு பண்ணிவைத்திருந்தாள். அன்றைக்கு அவர் சொன்னது: "ஊர் இன்னும் கூடி வரல. கூடி வரட்டும், பாப்போம்." அவளும் சரி, பஸ் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, நியாயம்தானே என்று தலையாட்டிவிட்டு வந்தாள்.

"அந்த சார் தனக்கு எந்த வீட்டை எடுத்துக்கிட்டாரோ," என்றாள் இரட்டைப் பிள்ளைக்காரி டீயை நீட்டிக்கொண்டே. "அது எப்படி இருக்கும்! அவர் வீட்டம்மா கொடுத்து வச்சவங்கக்கா."

கொடுத்து வைத்தவள் அந்த டீயைக் கடகடவென்று குடித்தாள். நாக்கு சுட்டதுகூடத் தெரியவில்லை.

வீட்டுக்கு வரும் வழியிலேயே வந்துட்டேனைக் கூப்பிட்டுப் பிடிபிடியென்று பிடித்தாள். அந்த மனிதர் அசரவில்லை. "நான் என்ன மேடம் பண்றது? சார் வேண்டாம்னாரு, சரி பண்ணி வேற ஆளுக்குக் கொடுத்தேன். ஒவ்வொண்ணையும் சரி பண்ணின அப்புறம் சாருக்குத்தான் முதல்ல போன் போட்டேன். வட்டம் விழுந்தது வேண்டாம்னுட்டாரு. வட்டமே விழாததையும் வேண்டாம்னாரு. அதுக்கு மேல நான் எங்க போறது?"

அது நியாயமாக இருந்ததுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரம்.

கணவர் வேலை முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். காபியை டம்ளர் ஆடும்படி வைத்தாள். நடந்ததையெல்லாம் சொன்னாள். மகள் அடுப்புப் பக்கத்து ஸ்டூலில் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, ஒரு வரிகூடப் படிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சரி பண்ணிட்டாங்கன்னா நல்லதுதானே," என்றார் அவர். "யாரோ நல்லா இருக்காங்க."

"யாரோ நல்லா இருக்கட்டும், வேண்டாம்னு சொல்லல. மூணாவது மாடி வீட்டுல என்ன குறை? அதை மட்டும் சொல்லுங்க."

"ஊரு அப்ப..."

"ஊரைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? ரெண்டு வருஷமா நீங்க தரையை விட்டு நிமிந்து பாத்ததே இல்ல. பள்ளிக்கூடம் எந்தப் பக்கம் இருக்குன்னு சொல்லுங்க, பாப்போம்."

அவருக்கு அது தெரியவில்லை.

"வீட்டுல என்ன குறை?"

"ஒண்ணும் இல்ல," என்றார். டம்ளரை ஒரு சுற்று சுற்றினார். "அதான் பயமா இருந்துச்சு."

அவள் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"வேலைக்குச் சேந்த புதுசுல ஒரு லோடைச் சரின்னு அனுப்பிட்டேன். போட்டு முடிச்சப்புறம் கலர் மாறிப்போச்சுன்னு அத்தனையும் திரும்பி வந்துச்சு. எல்லாரையும் கூப்பிட்டு வச்சு என்னை நிக்க வச்சுக் கேட்டாங்க. அதுலேருந்து சந்தேகம்னா ஒதுக்கிடுவேன். எவ்வளவோ நல்ல டைலெல்லாம் ஒதுக்கியிருக்கேன். ஏன் வேண்டாம்னு சொன்னேன்னு இதுவரைக்கும் ஒருத்தர் என்னைத் திட்டினதில்ல. சரின்னு சொன்னாத்தான் திட்டு. வீடு டைல் மாதிரியா? ஆயுசுக்கும் அதுலதான் இருக்கணும். நான் சரின்னு சொல்லி, நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா..."

பாவமாகத்தான் இருந்தது. பாவப்பட்டுப் பாவப்பட்டுத்தான் இரண்டு வருடம் போயிற்று என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

"வேண்டாம்னு சொன்னதுக்கு யாரும் திட்டினதே இல்லையா?" என்றாள். "நான் திட்டறேன். உக்காருங்க."

திட்டினாள். அடுப்புச் சூட்டில் உட்கார்ந்து படிக்கும் பெண்ணுக்காகத் திட்டினாள். வீட்டுக்காரம்மா இறங்கி வரும் செருப்புச் சத்தம் கேட்டாலே கதவைச் சாத்திக்கொள்வதற்காகத் திட்டினாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, இதுதான் நம் வீடு, இதுதான் நம் வீடு என்று இலவு காத்த கிளியாகப் போய் நின்றதற்காகத் திட்டினாள். அவர் எழுந்திருக்கவில்லை. குக்கர் விசில் அடித்தபோது மட்டும் அவள் நிறுத்தினாள். அடுப்பை அணைத்துவிட்டு மறுபடி விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டாள்.

கடைசியில் மூச்சு வாங்கி நின்றபோது சொன்னாள்: "இனிமே சரின்னு சொல்றது என் வேலை. தப்பாப் போனா நீங்க என்னைத் திட்டிக்கோங்க. மீதி என்ன வீடு இருக்கோ, அதை வாங்கறோம்."

மீதி அதிகம் இல்லை. வந்துட்டேன் விசாரித்துச் சொன்னார்: அதே வரிசையில், இரட்டைப் பிள்ளைக்காரி வீட்டுக்கு மேல் மாடியில் ஒன்றே ஒன்று. பணம் கட்ட முடியாமல் ஒருவர் விட்டுப்போனது. "சார் இன்னும் பாக்கல மேடம். ஒரு தடவை தட்டிப் பாத்துட்டாருன்னா பில்டர்கிட்ட சொல்லி..."

"சார் தட்டமாட்டாரு. நான் பாத்துக்கறேன்."

"வட்டம் போடாமலே வாங்கறீங்களா?" அவர் குரலில் முதல்முறையாக நிஜமான வருத்தம் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை போனார்கள். சுத்தியும் சாக்பீஸும் வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லியிருந்தாள். வெறும் கையோடு வந்த மனிதர் கூடத்தின் நடுவில், கல்யாண வீட்டில் யாரையும் தெரியாதவர் மாதிரி நின்றார். நடந்தபோது ஓர் இடத்தில் காலுக்கடியில் டொப் என்றது. அவருக்கும் கேட்டது, அவளுக்கும் கேட்டது. அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் அந்த இடத்தை மிதித்துக்கொண்டே அடுத்த அறைக்குப் போனாள். படுக்கையறைச் சுவரில் ஒரு விரிசல் பளிச்சென்று தெரிந்தது. குளியலறைக் கதவு பாதியில் இடித்தது. மூணாவது மாடி வீட்டோடு ஒப்பிட்டால் இது அதன் கால்தூசு பெறாது. விலையோ அன்றைய விலைக்கு மேல் எங்கேயோ போயிருந்தது. மகள் மட்டும் இரண்டாவது அறைக்குள் போய்க் கதவைச் சாத்தித் திறந்து, சாத்தித் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிற முதல் அறை.

"சரி," என்றாள் அவள் வந்துட்டேனிடம். சொன்னபோது மனசில் இருந்தது சந்தோஷமா, ஆத்திரமா என்று அவளாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை. கைப்பையிலிருந்து முன்பணத்தை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை எண்ணிக்கொண்டு கீழே இறங்கிப் போனார்.

சமையலறையைப் பார்க்கலாம் என்று உள்ளே போனாள். கணவரும் பின்னால் வந்தார். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு நேர் மேலே ஜன்னல். அவள் அதைத் தள்ளித் திறந்தாள்.

எதிரே, கைநீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில், அந்த மூணாவது மாடி வீடு. பால்கனியில் யாருடைய துணியோ காய்ந்துகொண்டிருந்தது. திறந்து கிடந்த கதவு வழியாகக் காற்று உள்ளே போய், கூடத்துத் திரையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. தொட்டிக்கு முன்னால் யார் நின்றாலும் கண் நேராக அங்கேதான் போகும். வேறெங்கும் போக வழியில்லை.

கணவர் ஜன்னல் சட்டத்தைச் சாண் போட்டு அளந்தார்.

"இங்க ஒரு திரை போட்டுடலாம்."

"திரையெல்லாம் வேண்டாம்," என்றாள் அவள். "இந்த வீட்டுல பாத்திரம் நீங்க கழுவறீங்க."